பதினோராம் நம்பர் பன்றி

சட்டைப் பையிலிருந்து முகப்பவுடர் டப்பாவை எடுத்து, காற்றில் ஒரு குலுக்குக் குலுக்குகிறாள். பொடி கிழக்கே பறந்தால் இவள் மேற்கே நடப்பாள். "நம்ம வாசனை அதுக்குப் போகக் கூடாது, அதோட நாத்தம் நமக்கு வரணும்." அந்தப் பவுடர் அவள் முகத்தில் ஏறி யாரும் பார்த்ததில்லை. "பன்னியப் பாக்கப் போறதுக்கு இவ்வளவு அலங்காரமா?" என்று கேட்டுக் கேட்டு வீட்டுக்காரர் ஓய்ந்துவிட்டார். அலுவலகத்தில் அவள் பெயரே பவுடர் அக்கா.

பட்டியிலிருந்து தப்பிக் காடேறிய பன்றிகள் எங்கே படுக்கின்றன, எங்கே மேய்கின்றன, எத்தனை நாள் தாக்குப்பிடிக்கின்றன என்று கண்காணிக்கும் அலுவலகம் அது. பன்றியின் கழுத்தில் ரேடியோ பட்டை, அக்காவின் கையில் ஏரியல். 'டிக்… டிக்…' என்று நிதானமாகக் கேட்டால் உயிரோடு இருக்கிறது. அரைநாள் அசையாமல் கிடந்தால் சத்தம் இருமடங்கு வேகமெடுக்கும். அதற்குச் சாவு என்று அர்த்தம்.

முதல் வருடம் பட்டை கட்டிய பன்னிரண்டில் நாய், வெள்ளம், துப்பாக்கி என்று பதினொன்று போய்ச் சேர்ந்துவிட்டன. மிச்சம் பதினோராம் நம்பர் மட்டும். அக்கா வைத்த பெயர் ராங்கிக்காரி. அவள் பட்டையும் ஒரு நாள் காலை படபடவென்று அடித்தது. அலுவலகத்து ஆய்வாளர், பன்றிகளின் நம்பர் எழுதிய பலகையில் பதினொன்றின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி போட்டார்.

"இல்ல சார். நேத்து சாயங்காலம் வாய் கொள்ளாம நாணலைக் கவ்விக்கிட்டு மேட்டுக்குப் போனா. சாகப் போறவ எதுக்கு மெத்தை போடுறா?"

"சிக்னல் பொய் சொல்லுமாக்கா?"

"அது சொல்றது உங்களுக்குப் புரியல. அவ செத்திருந்தா நாளையிலேர்ந்து நான் வேலைக்கு வரல, போதுமா?"

வாயை விட்ட கையோடு ஏரியலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். முழங்கால் சேற்றில் நடந்தாள், பவுடரைக் குலுக்கினாள், நாணல் மேட்டுக்கு எதிரே இருந்த மரத்தில் ஏறினாள். ராங்கிக்காரி கிடந்தாள். அசைவே இல்லை. அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது நாணல் குவியல் தானாகக் குலுங்கியது. ஒரு மூக்கு. அப்புறம் இரண்டு வால்கள். தாய் தலையைத் தூக்கி உறுமினாள். "அடியே ராங்கி!" என்று கத்த வந்த வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டு, குட்டிகளை இரண்டு தடவை எண்ணினாள்.

திரும்பி வந்தபோது பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. "என்னாச்சுக்கா?" என்று எழுந்த ஆய்வாளரைத் தாண்டி நேரே பலகைக்குப் போய், சட்டைக் கையால் சிவப்புக் குறியை அழித்தாள். முழங்காலில் ஒட்டியிருந்த சேற்றைக் கட்டைவிரலால் தொட்டு, பதினொன்றுக்குக் கீழே வரிசையாகப் பொட்டு வைத்தாள். ஆறு.