ஆயர் பத்து

எனக்கு வயது அறுபத்து மூன்று. பெற்றது ஒன்பது, வளர்த்து ஆளாக்கியது ஏழு. ஏழு பேரும் நேராக நடக்கிறார்கள். நான்தான் இடது காலை இழுத்து நடக்கிறேன். எனக்குப் பிறவியிலேயே இப்படி என்று பேரப்பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. மலாயாவில், கிள்ளானில் பால்மாட்டுக்காரர் மகளாக இருந்தபோது, தலையில் பால் குடத்தை வைத்துக்கொண்டு, கையால் பிடிக்காமல் நடந்தவள் நான்.

கல்யாணமாகி பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கூலிகளின் வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கு வந்தேன். மூன்றாவது பிள்ளை பிறந்து ஒரு மாதம் ஆகவில்லை, குழாயடிப் பாசியில் வழுக்கிக் கணுக்கால் மடங்கிவிட்டது. பார்க்கப் பார்க்க வீங்கியது. வீட்டுக்காரரும் மாமியாரும் ரிக்‌ஷாவில் ஏற்றி மருந்துச்சாலைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மருந்து கட்டும் டிரெஸ்ஸர் மலாய்க்காரர். காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, எலும்பு முறியவில்லை என்று சைகை காட்டினார். தமிழில் அவருக்குத் தெரிந்தது நாலைந்து சொல்தான். அதையும் கலந்து சொன்னார்: "ஆயர் பத்து போடு. நல்லா போடு."

மலாயில் ஆயர் என்றால் தண்ணீர், பத்து என்றால் கல். தண்ணீர்க் கல் என்பது ஐஸ். பாசாரில், சந்தையில், மீன்காரர்கள் மரத்தூள் தூவி, சாக்குப் போட்டு மூடி வைத்திருப்பார்கள். கிள்ளானில் வளர்ந்த எனக்கு அது தெரியும். மாமியார் ஊரிலிருந்து கப்பலேறி வந்து வருஷம் திரும்பவில்லை. அவர் காதில் விழுந்தது 'பத்து போடு' மட்டும். சுளுக்குக்குப் புளியும் உப்பும் கரைத்துக் கொதிக்கவைத்துச் சுடச்சுடப் பூசுகிறோமே, அந்தப் பத்து.

வீட்டுக்கு வந்ததும் அடுப்பில் புளி கொதித்தது.

"அத்தே, அவரு சொன்னது இந்தப் பத்து இல்ல. ஐஸு. துணியில சுத்தி வைக்கச் சொன்னாரு" என்றேன்.

"மலாய் பேசுறவளுக்குக் கால் தரையில நிக்குமா? அதான் வழுக்கி விட்டுருச்சு" என்றார். "பச்ச உடம்புக்காரிக்கு ஐஸாம்! ஜன்னி வந்து நீ செத்தா புள்ளைக்குப் பால் குடுக்க உங்கப்பன் மாட்டோட வருவானா?"

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். ரயில்வேயில் மலாய்க்காரர்களோடு சேர்ந்து வேலை பார்த்தவர். சம்பளத்தன்று கடையில் உட்கார்ந்து, சர்பத்துக்கு ஆயர் பத்து போடு என்று கேட்டு வாங்கிக் குடிப்பவர். அவருக்குத் தெரியாதா? தெரியும். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"ஆத்தா ஆசையா காய்ச்சிட்டா. போட்டுக்க புள்ள. சும்மா வம்பு வளக்காத."

அன்றைக்கு என் காலை விட அவருக்கு அவர் அம்மா முகம் பெரிதாகப் போய்விட்டது.

பூசினார்கள். நான் கத்தியது அடுத்த லயம் வரைக்கும் கேட்டிருக்கும். மறுநாள் மாமியார் எண்ணெய் தேய்த்து நீவினார். அதற்கு மேல் இன்னொரு பத்து. தோல் கொப்புளித்து, உரிந்து, புண்ணாகிச் சீழ் வைத்தது. புண் ஆறியபோது கணுக்கால் மடங்க மறந்துவிட்டது. திரும்ப மருந்துச்சாலைக்குப் போனபோது அந்த டிரெஸ்ஸர் தலையில் கை வைத்துக்கொண்டார். மாமியார் விடவில்லை. "நீதானய்யா பத்து போடச் சொன்னே?" என்று கேட்டார். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார்.

டிரெஸ்ஸரையும் மாமியாரையும்கூட மன்னித்துவிடுவேன். தெரியாமல் செய்தார்கள். என் வீட்டுக்காரர் அதைக் கதையாக்கினார். கல்யாண வீடு, காதுகுத்து, எங்கே நாலு ஆம்பிளைகள் உட்கார்ந்தாலும் டிரெஸ்ஸர் மாதிரியே குரலை மாற்றி "ஆயர் பத்து போடு" என்பார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். சிரித்து முடித்துவிட்டு, பந்தியில் சோறு போட வரும் என் காலைப் பார்ப்பார்கள். லயத்தில் எனக்குப் பேரே ஆயர்பத்து ஆகிவிட்டது. "ஆயர்பத்து வர்றா, வழி விடு" என்று பிள்ளைகள்கூடச் சொல்வார்கள்.

கடைசிக் காலத்தில் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அது பழைய வலி, சூடு கேட்கிற வலி. தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து, முதலில் என் புறங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒத்தடம் கொடுப்பேன். "உன் கைப்பக்குவம் யாருக்கும் வராது புள்ள" என்றார். ஒருநாள்கூட சூடு மிஞ்ச விடவில்லை. அவர்மேல் இருந்த பிரியத்தால் இல்லை. செய்கிற வேலையில் எனக்கு ஒரு மானம் உண்டு.

என் பிள்ளைகள் விழுந்தால் நானே பாசாருக்குப் போய் ஐஸ் வாங்கி வந்தேன். காலை இழுத்துக்கொண்டேதான் போனேன். யாரையும் கேட்கவில்லை.

போதும் பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதியதை இப்போது படித்துக் காட்டு. பத்து என்று சொன்ன இடத்தில் நீ குனிந்து சிரித்ததைப் பார்த்தேன். சிரிக்காமல் படி.