ஒல்லிக் கைப்பிடி ராக்கெட்

மாஸ்டர் என்றதும் பள்ளிக்கூடத்து வாத்தியார் என்று நினைத்துவிட வேண்டாம். சட்டைக் கம்பெனியில் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர். கல்யாணம் வேண்டாம் என்று அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்டவள். நாற்பது மடிப்புத் துணியை ஒரே மூச்சில் வெட்டுகிற மணிக்கட்டு அவளுக்கு. அதே மணிக்கட்டால் காலை ஆறு மணிக்கு உள்ளரங்கில் ஷட்டில் ஆடுகிறவர்களை விரட்டு விரட்டென்று விரட்டுவாள். அவள் ஸ்மாஷ் அடித்தால் ஆண்களே ஒதுங்கிக்கொள்வார்கள். கேட்டால், இறகுக் காக் கோட்டுக்கு வெளியே போகும் என்று விட்டோம் என்பார்கள்.

டபிள்ஸில் அவளுக்கு ஜோடி அவளுடைய அண்ணி. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. கல்யாணமாகி வந்த புதிதில், நாத்தனார் கூப்பிட்டு எப்படி மறுப்பது என்று பயந்து போனவள், பதினெட்டு வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறாள். ஆள் குள்ளம், கையும் சின்னது. நெட்டுக்குப் பக்கத்தில் நின்று தட்டிவிடுவதோடு அவள் கடமை முடிந்தது. தலைக்கு மேல் போவதெல்லாம் மாஸ்டர் பாடு. "விடுங்க அண்ணி, நான் இருக்கேன்" என்று பின்னாலிருந்து குரல் வரும். இத்தனை வருஷத்தில் அண்ணி ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

பத்து மாதத்துக்கு முன் மாஸ்டர் கையிலிருந்து கத்தரிக்கோல் விழுந்தது. அப்புறம் டீ கிளாஸ். அப்புறம் ஆட்டத்தின் நடுவில் ராக்கெட். அண்ணிதான் டாக்டரிடம் கூட்டிப் போனாள். பரிசோதனையெல்லாம் முடிந்ததும் டாக்டர் அண்ணியை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். தசையை இயக்குகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன என்றார். முதலில் கை, பிறகு கால், பிறகு விழுங்குவது, கடைசியில் மூச்சு. மூன்று வருஷம், மிஞ்சினால் நாலு. குணப்படுத்த மருந்து கிடையாது.

அண்ணன் அழுது ஓய்ந்த பிறகு ஒன்றே ஒன்றுதான் சொன்னான். "அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அன்னிக்கே உடைஞ்சு போயிடுவா."

சத்துக் குறைவு, சீக்கிரம் சரியாகிவிடும் என்று ஒரு கதை கட்டினார்கள். அதைத் தினமும் சொல்லுகிற வேலை அண்ணி தலையில் விழுந்தது. பொருத்தமான ஆள்தான். எக்ஸ்ரே படத்தில் எதைப் பார்த்தாலும் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல், "டாக்டர் சொல்லுவார், சட்டையைப் போட்டுக்கோங்க" என்று சொல்லிச் சொல்லிப் பழகியவள்.

இப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் ஆரம்பித்தாள்.

"அண்ணி, ஒரு புது பேட் வாங்கணும். என்னோடது தலைப்பக்கம் கனம், அதான் நழுவுது. முன்னாடியும் ஆடற மாதிரி, பின்னாடியும் ஆடற மாதிரி ஒண்ணு பாக்கலாம், வாங்க."

அண்ணி யோசித்தாள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் என்ன சொல்வது? "போலாமே" என்றாள்.

கடையில் மாஸ்டர் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு ராக்கெட்டையும் இடதுகை விரல்மேல் நடுவாக வைத்துப் பார்த்தாள். தலைப்பக்கம் சாய்ந்ததைத் தள்ளினாள், பிடிப்பக்கம் சாய்ந்ததையும் தள்ளினாள். கடைக்காரரை ராக்கெட்டின் தண்டை வளைத்துக் காட்டச் சொன்னாள்.

"ரொம்ப வெறைப்பா இருந்தா பலமா வீசற கைக்குத்தான் பேசும். ரொம்ப வளைஞ்சா காக் வைக்கிற இடம் தப்பும். நடுத்தரமா எடுங்க" என்றாள் அவரிடம்.

கடைசியில் ஒன்று விரல்மேல் அசையாமல் நின்றது.

"ஸ்டிரிங் இறுக்கம் வழக்கம்போல இருபத்தேழு பவுண்டு போட்டுடவா?" என்றார் கடைக்காரர்.

"இருபத்துநாலு போதும்."

"கைப்பிடி ஒல்லியா இருக்கே. உங்க கைக்கு இன்னும் ரெண்டு சுத்து டேப் சுத்தணுமே?"

"வேண்டாம். ஒல்லியாவே இருக்கட்டும்."

அண்ணி ஷூ அடுக்கைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டாள். இறுக்கமான ஸ்டிரிங்கில் அடித்துத் தள்ளத் தோளில் தெம்பில்லை. பருமனான பிடியைச் சுற்றி மடக்க விரலில் தெம்பில்லை. பாவி, உனக்கே தெரியாமல் உன் கை எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்ததும் மாஸ்டர் உறையைப் பிரித்து ராக்கெட்டை நீட்டினாள். "பிடிச்சுப் பாருங்க."

அண்ணி பிடித்தாள். அளவெடுத்துச் செய்ததுபோல் அவள் கைக்குள் உட்கார்ந்தது.

"சரியா இருக்கா? உங்க கைக்குத்தான் பாத்தேன்."

"எனக்கு எதுக்கு?"

"ஆறு மணி ஆட்டத்தை விட்டுடாதீங்க அண்ணி. ஆனா இனிமே முன்னாடியே நின்னுக்கிட்டு இருக்க முடியாது. வேற ஜோடி வந்தா நீங்களும் பின்னாடி ஓடணும். அதுக்குத்தான் இது."

"என்ன பேச்சு இது? சத்து ஏறினா நீயே…"

"அன்னிக்கு வராந்தால டாக்டர் பேசறப்ப கதவுக் கண்ணாடி வழியாப் பாத்தேன். நீங்க உங்க எக்ஸ்ரே மூஞ்சியை வெச்சுக்கிட்டு நின்னீங்க. சாதாரண விஷயத்துக்கு அந்த மூஞ்சி வராது. மறுநாளே தனியாப் போய் டாக்டர்கிட்ட கேட்டுட்டேன்."

அண்ணி ராக்கெட்டைப் பெஞ்சில் வைத்தாள்.

"எட்டு மாசம் அண்ணி. பயமா இருக்குன்னு சொல்ல எனக்கு இருக்கறது நீங்க ஒருத்தர்தான். சொல்லலாம்னு பக்கத்துல வந்தா அந்த மூஞ்சிதான் நிக்கும். மாத்திரை போட்டியான்னு கேக்கும்."

நல்லது செய்கிறோம் என்று நினைத்து அவளைத் தன்னந்தனியாக விட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அண்ணிக்கு உறைத்தது. தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. மாஸ்டரின் வலதுகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கட்டைவிரலுக்குக் கீழே சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. எட்டு மாதமாகப் பார்க்காமல் தவிர்த்த கை. அதைத் தடவிக்கொண்டே அழுதாள். மாஸ்டரும் அழுதாள். இரண்டு பஸ் வந்து போயின.

மூன்றாவது பஸ் வரும்போது மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும்னு அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. இந்தக் கதையைச் சொல்லிக்கிட்டுத்தான் அவன் நடமாடறான்."

வீட்டில் அண்ணன் கதவைத் திறந்தான். "வாங்கியாச்சா? இனி பழையபடி வெளுத்து வாங்கப் போற பாரு" என்று தங்கையிடம் சிரித்தான். அவள் சமையலறைக்குள் போனதும் மனைவி பக்கம் குனிந்தான்.

"ஏன் கண்ணு செவந்திருக்கு? அவளுக்கு ஏதாவது தெரிஞ்சுபோச்சா?"

"ஒண்ணும் தெரியாது" என்றாள். "பஸ்ல தூசி." முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

உள்ளே மாஸ்டர், தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அண்ணன் காதில் விழும்படி, "அண்ணி, சத்து மாத்திரை எங்க?" என்று கேட்டாள்.