மீன்காரர் ஹாரன் அடிக்காத தெரு

சென்னையில் தூக்கமில்லாமல் கிடந்தவன் நான். அமைதியான ஊர் என்று மனைவியைத் தாஜா பண்ணிச் செங்கல்பட்டில் ஏரிப் பக்கம் குடிவந்தேன். “ஒரு வருஷம் பாப்பேன். புடிக்கலேன்னா எங்கம்மா வூட்டுக்குப் போயினே இருப்பேன்” என்று வரும்போதே சொல்லிவிட்டாள். அவளுக்கு அமைதி வேண்டாம். மீனும் பேச்சுத் துணையும் வேண்டும். இரண்டும் காலை ஏழு மணிக்குத் தெருவிலேயே கிடைத்தன. புதுப்பட்டினத்து மீன்காரர் மொபெட்டில் வந்து ரப்பர் ஹாரனை அமுக்குவார். பெண்கள் பாத்திரத்தோடு கூடிவிடுவார்கள்.

எனக்கு அந்த ஹாரன் ஆகவில்லை. சும்மா இருந்திருக்கலாம். தெரு வாட்ஸ்அப் குழுவில், தெருவாசிகள் எல்லோர் சார்பாகவும், மீன்காரர் ஹாரனால் வரும் ஒலி மாசு பற்றி நாலு பத்தி எழுதினேன். கீழே என் பட்டங்களையும் போட்டேன்.

யாரும் பதில் போடவில்லை. யாரோ அதை மீன்காரருக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். மறுநாள் அவர் ஹாரன் அடிக்கவில்லை, நிற்கவும் இல்லை. அடுத்த தெருவில் போய் அமுக்கினார். எங்கள் பெண்கள் அங்கே ஓடுவதற்குள் நல்ல மீன் தீர்ந்துவிடும்.

அதிலிருந்து தெரு எங்களோடு பேசுவதை நிறுத்தியது. குழாயில் தண்ணீர் வந்தால் எல்லா வீட்டுக்கும் குரல் போகும், எங்கள் வீட்டைத் தவிர. நான் பால் வாங்கப் போனால் வாசலில் பேச்சு நின்றுவிடும். இவ்வளவு அமைதியை நான் கேட்கவே இல்லை.

எதிர்வீட்டு அம்மாளிடம் மனைவி வலியப் போய்ப் பேசினாள். “உன் வூட்டுக்காரருக்குச் சத்தம் ஆகாதே, போம்மா” என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார். மனைவி உள்ளே வந்து பெட்டியை எடுத்துப் புடவைகளை அடுக்கினாள்.

“வர்ற ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம்” என்றாள்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு புதுப்பட்டினம் போனேன். மீன்காரர் சந்தையில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

“இன்னா சார், நீ கேட்டதத்தான செஞ்சுகினு கீறேன்?”

“தப்புதாண்ணே. பழையபடி வாங்க.”

“தெருவுக்கே ஹாரன் வேணாம்னு எழுதினியாமே. இப்ப நீ ஒர்த்தன் வான்னா வந்துடணுமா? வூடு வூடா போயி அவங்கள சொல்லச் சொல்லு.”

போனேன். பதினாறு வீடு. ஒவ்வொரு வாசலிலும் என் நாலு பத்தியை யாராவது எனக்கே வாசித்துக் காட்டினார்கள். ஒரு வீட்டில் பட்டங்களையும் சேர்த்து வாசித்தார்கள். எதிர்வீட்டு அம்மாள் மட்டும் கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகச் சொன்னார்:

“உனக்காவ இல்ல. அந்தப் பொண்ணுக்காவ மீன்காரர்கிட்ட சொல்றேன்.”

ஞாயிறு காலை மீன்காரர் வந்தார். எங்கள் வாசலில் நிறுத்தி, ஜன்னலில் தெரிந்த என் முகத்தைப் பார்த்தபடி, கை ஓயும்வரை ஹாரனை அமுக்கினார். எல்லோருக்கும் போட்டுவிட்டு, கடைசியில் கண் குழிந்துபோன நாலு பழைய சங்கரா மீனை எங்கள் பாத்திரத்தில் போட்டார். மனைவி வாங்கிக்கொண்டாள்.

அவள் உடனே உள்ளே வரவில்லை. எதிர்வீட்டு அம்மாள் அவளிடம் ஏதோ சொல்ல, இருவரும் எங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். என் மனைவிதான் அதிகம் சிரித்தாள். நான் போய்ப் பெட்டியைத் திறந்து அவள் புடவைகளை ஒவ்வொன்றாகப் பீரோவில் அடுக்கினேன்.