சித்தூரில் நான் கேட்ட ஒன்ஸ் மோர்

பாவு நூல் வராமல் நகரியில் தறிகள் நின்றுபோன சித்திரை மாதம். ஆந்திரா தனி ராஜ்யமாகிவிட்டது. எங்கள் ஊர் எந்தப் பக்கம் என்று மட்டும் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். சும்மா இருப்பானேன், நாடகம் பார்த்து வரலாம் என்று நானும் என் மனைவி சரோஜாவும் கிளம்பினோம். கோடையில் இந்தப் பக்கம் நாடகத்துக்குப் பஞ்சமில்லை. எதை விடுவது என்பதுதான் தொல்லை.

நான் இரண்டைத் தேர்ந்தேன்: புத்தூரில் பாரதக் கூத்து, திருப்பதியில் தெலுங்குக் கம்பெனி நாடகம். அதே கம்பெனி மறுநாள் சித்தூரிலும் அதே நாடகத்தைப் போடுகிறது. அங்கே ராஜா வேஷம் சரோஜாவின் தம்பி முனுசாமிக்கு. அதை விட்டுவிட்டேன்.

"இன்னா நீ, என் தம்பி ஆடுறத மட்டும் வாணாங்குற?"

"ஒரே ஆட்டத்த ரெண்டு வாட்டி பாக்கணுமா?"

"திருப்பதில வேற ஆளு, சித்தூர்ல இவன். ரெண்டு பேர்ல ஒருத்தனத்தான் மேனேஜர் சீசன் பூரா ராஜாவா வெச்சுக்குவாராம். இல்லன்னா மூட்டைய கட்டிக்கினு வரணும்."

உடனே சித்தூருக்கும் போகலாம் என்றேன். அவன் தோற்பதைப் பார்க்க ஆசை, மறைப்பானேன்? எங்கள் ஊர்க் கூத்தில் பல வருஷமாக நான் கட்டியக்காரன். ராஜா வருகிறார் என்று கூவி, நாலு பேரைச் சிரிக்க வைத்து, ஒதுங்கி நிற்பவன். நேற்று மேடையேறிய இந்தப் பயல் எடுத்த எடுப்பில் ராஜா. வயிறு எரியாதா?

நகரியிலிருந்து புத்தூர் பத்து மைல்; காலை ஏழு மணி பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும். வழியெல்லாம் எல்லைச் சண்டைதான். "நகரி எங்கப்பா போவும்?" என்று ஒருவர் கேட்க, "நகரி எங்கயும் போவாது, டிக்கெட்ட வாங்கு" என்றார் கண்டக்டர்.

புத்தூர்க் கூத்தில் கட்டியக்காரன் சுமார்தான். என்னைவிடச் சுமார் என்று சரோஜாவே சொன்னாள். அங்கிருந்து திருப்பதி இருபது மைலுக்கு மேல். கொட்டகையில் தரை டிக்கெட் போதும், காற்று வரும்.

கூத்தில் இல்லாத ஒரு வழக்கத்தை அங்கேதான் கண்டேன். ராஜா ஒரு பாட்டை உச்சத்தில் இழுத்து முடித்ததும் ஜனங்கள் "ஒன்ஸ் மோர்" என்று கத்துகிறார்கள். அவர் மறுபடி பாடியே தீரவேண்டும். அன்றைய ராஜாவை ஒரு தரம்தான் கேட்டார்கள். அதற்கே மனுஷன் சோடா குடித்தார். முனுசாமியின் தொண்டை எனக்குத் தெரியும்; உச்சத்தில் மூன்றாவது ஒன்ஸ் மோர் தாங்காது. அன்று முழுக்க எனக்கு ஒரே குஷி.

சித்தூருக்கு நாற்பத்தைந்து மைல். மத்தியானப் பஸ்ஸைத் தவிர்த்துவிடுங்கள், வெயில் தோலை உரிக்கும்.

நாடு போன ராஜாவாக நின்று முனுசாமி பாடினான். நன்றாகத்தான் பாடினான். முடித்ததும், கட்டியங்கூவிப் பழகிய குரலில், "ஒன்ஸ் மோர்!" என்றேன். பாடினான். "ஒன்ஸ் மோர்!" கொட்டகையும் கூடச் சேர்ந்துகொண்டது. மறுபடி பாடினான். விடுவேனா? "ஒன்ஸ் மோர்!"

இந்தத் தரம் குரல் உடைந்தது. நான் நினைத்த இடத்திலேயே உடைந்தது. ஆனால் பயல் அப்படியே மண்டியிட்டு, உடைந்த குரலிலேயே மீதியைப் பாடினான். ராஜா அழுகிறார் என்று நினைத்து ஜனங்களும் அழுதார்கள். பக்கத்தில் சரோஜா தேம்பினாள். எனக்கும் கண் கலங்கியது, ஆத்திரத்தில்.

ஆட்டம் முடிந்ததும் அரிதாரத்தோடு ஓடிவந்து என் காலில் விழுந்தான்.

"மாமா, உன் கொரலு எனக்குத் தெரியாதா? கம்பெனில ஒன்ஸ் மோர்தான் கணக்காம். மூணு வாட்டி யாருக்கும் வந்ததில்லயாம். சீசன் பூரா நான்தான் ராஜா!"

"எந்தம்பி மேல இவ்ளோ ஆசைய வெச்சிக்கினு, வாணாம்னியே" என்று சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நீங்கள் போனால், மூன்றில் சித்தூரை விடாதீர்கள். போர்வை எடுத்துப் போங்கள், தரையில் விரிக்க. பாடுகிறவனைப் பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறக்காதீர்கள். அடுத்த கோடையிலும் அந்தக் கம்பெனி வருகிறது. எனக்கு எல்லா ஊரிலும் முன்வரிசை இலவசம். மாமா கட்டாயம் வந்து கத்த வேண்டுமாம்.