பொம்மை வண்டிக்கு நான் ஏற்றிய லோடு

உனக்கு வேறு வேலையே இல்லையா? பக்கத்து வீட்டில் தச்சர் வஜ்ஜிரம் காய்ச்சுகிறார், கிழவி நான் எழுந்து போய்க் கதவைச் சாத்துகிறேன். அவ்வளவுதான் சங்கதி. வயசானவர்கள் கதவைச் சாத்துவார்கள், திறப்பார்கள், மறுபடி சாத்துவார்கள். அதற்கெல்லாம் காரணம் கேட்டு வாசற்படியில் உட்கார்ந்தால் உன் வீட்டு அடுப்பை யார் பார்ப்பது? கேட்காமல் போகமாட்டாய் போலிருக்கிறது. சரி, உட்கார். காலை மட்டும் நீட்டாதே, அந்த மூலையில் கோழி அடைகாக்கிறது. அதற்கு உன்னைவிடப் பொறுமை அதிகம்.

வஜ்ஜிரம் மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை. பலகையும் பலகையும் பிடித்துக்கொள்ளும், நாற்றம் மூக்கைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் வீட்டுக்காரர் மேல் இரண்டு மாதம் அந்த நாற்றம் அடித்தது. அதற்கு முன்னால் அடித்தது வேறு: வெடிமருந்து, மெழுகுவர்த்திப் புகை, ஈரக் கல். தங்கச் சுரங்கத்து ஷாஃப்டுக்குள் மரம் கட்டுகிற வேலை அவருக்கு. பாறையைக் குடைந்துகொண்டே போனால் மேலே இருப்பது சும்மா இருக்குமா? அது இறங்காமல் இருக்கத் தூண் நிறுத்தி முட்டுக்கொடுக்க வேண்டும். தூணைக் கொஞ்சம் குட்டையாக வெட்டி, மிச்ச இடைவெளியில் ஆப்பு அடித்து இறுக்குவார்கள். ஆணி கிடையாது. மலை அழுத்த அழுத்த அது இன்னும் இறுகும் என்பார். அந்தப் பழக்கம் வீட்டிலும் போகவில்லை. கல்யாணமான முதல் வாரமே எங்கள் கதவு ஆடுகிறதென்று ஆப்பு வைத்துவிட்டார். அப்புறம் அதைத் திறக்க இரண்டு பேருமாகச் சேர்ந்து இழுக்க வேண்டும். புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு அதிலும் ஒரு சௌகரியம் இருந்தது, அதை உனக்குச் சொல்ல மாட்டேன்.

பேத்தமங்களா ஏரித் தண்ணீர் குழாயில் வர ஆரம்பித்த புதிது. நான் கோரமண்டல் கூலி லைனிலிருந்து நடந்து போய் ஒரு துரை பங்களாவில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவேன். துரைசானிக்கு ரோஜாப் பைத்தியம். துரைக்கு என்ன பைத்தியம் என்று ரொம்ப நாள் யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் சீமையிலிருந்து மரப்பெட்டி ஒன்று வந்தது, தெரிந்துவிட்டது.

பெட்டிக்குள் ரயில் வண்டி இருந்தது. முழு வண்டி இல்லை. விரல் அகலப் பலகைகள், காசு மாதிரி பித்தளைச் சக்கரங்கள், எறும்புக்குச் சங்கிலி போட்ட மாதிரி கொக்கிகள், காகிதப் பொட்டலத்தில் திருகாணி. பன்னிரண்டு கூட்ஸ் வண்டிக்கான துண்டுகள். எஞ்சின் மட்டும் முழுசாக வந்திருந்தது, சாவி கொடுத்தால் ஓடும். படம் போட்ட காகிதத்தைப் பார்த்து மீதியை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டுமாம். பாதி சமைத்த சோற்றை அனுப்பிவிட்டு மீதியை நீயே வேகவைத்துக்கொள் என்றால் நாம் சும்மா விடுவோமா? துரை அதற்குக் கடிதம் எழுதி, ஆறு மாதம் காத்திருந்து வாங்கியிருக்கிறார்.

துரையின் விரல் ஒவ்வொன்றும் ஒரு வாழைப்பழம். முதல் நாளே திருகாணி உருண்டு போய்விட்டது. தாழ்வாரத்தில் துரை அந்தப் பக்கமிருந்தும் நான் இந்தப் பக்கமிருந்தும் நாலு காலில் தேடிக்கொண்டு வந்து நடுவில் தலையை முட்டிக்கொண்டோம். அப்போதுதான் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"எங்க வூட்டுக்காரருகிட்ட குடுங்க துரை. மலையவே நிறுத்துறாரு, இத்த நிறுத்த மாட்டாரா?"

அன்றைக்குத் தலை இன்னும் கொஞ்சம் பலமாக முட்டி, வாய் கோணிப் போயிருக்கலாம்.

அதன்பிறகு தினமும் காலை ஷிப்டு முடிந்து, குளித்துவிட்டு, மூன்று மணிக்கு அவர் பங்களாவுக்கு வந்துவிடுவார். வஜ்ஜிர நாற்றம் வீட்டுக்குள் வரக்கூடாது என்று துரைசானி சொல்லிவிட்டாள். அதனால் ரோஜாப் பாத்திக்குப் பின்னால் பொம்மை வண்டிகளுக்கென்றே ஒரு மரக் கேபின் கட்டினார்கள். அதிலும் நம்ம ஆள் தொடை கனத்துக்குத் தூண் நிறுத்தி, உச்சியில் ஆப்பு அடித்து இறுக்கினார். துரை விழுந்து விழுந்து சிரித்தார். மேலே இருப்பது ஆகாசம்தானே என்று கேட்டார்.

"இருக்கட்டும் துரை. அது எப்ப எறங்கும்னு யாரு கண்டா" என்றார் இவர்.

கேபினுக்குள் சுவரோரமாகச் சுற்றிப் பலகை அடித்து அதன்மேல் தண்டவாளம். வண்டி சேர்க்கிற வேலைக்கு என்னையும் கூப்பிட்டுக்கொண்டார், என் விரல் சின்னது என்று. மூங்கில் சிம்பை வளைத்துக் கவ்வி மாதிரி செய்து, பசை காயும்வரை பலகைகளைப் பிடித்துக்கொள்ள விடுவார். நான் திருகாணியை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பேன். வயிற்றில் ஏழு மாதம். குனிந்தால் வயிறு மேஜையை இடிக்கும், வண்டி ஆடும்.

"உள்ள இருக்கிறது இப்பவே ஷண்டிங் பண்ணுது பாரு" என்பார்.

நான் ஊரில் பேர் எடுத்த பொய்க்காரி. கேலிக்காரி என்று நான் சொல்லிக்கொள்வேன், பொய்க்காரி என்று ஊர் சொல்லும். வெள்ளிக்கிழமையில் பொம்பளைகளுக்கு ரயிலில் டிக்கெட் கிடையாது, சும்மாவே ஏற்றிக்கொள்கிறான் என்று ஒரு தடவை குழாயடியில் சொல்லி வைத்தேன். பதினோரு பேர் மூட்டை முடிச்சோடு கோரமண்டல் ஸ்டேஷனில் போய் நின்றுவிட்டார்கள். ஒருத்தி ஆட்டுக்குட்டியைக்கூட பிடித்துக்கொண்டு போயிருந்தாள். அவர் மட்டும் என்னைத் திட்டவில்லை. ராத்திரிச் சோற்றில் கையை வைத்துக்கொண்டு, ஆட்டுக்குட்டிக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று கேட்டார்.

வண்டிகள் முடிந்தன. நேராக ஓடின, வளைவில் குப்புற விழுந்தன. துரை முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி சுருங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மற்ற துரைகளை டீ குடிக்கக் கூப்பிட்டிருந்தார்.

நம்ம ஆள் குந்தி உட்கார்ந்து பார்த்தார். "காலி வண்டி ஆடும் துரை. சொரங்கத்து உள்ளேயும் அப்பிடித்தான். லோடு போட்டா அடங்கி ஓடும்."

மணல் போட்டுப் பார்த்தார்கள். பலகை இடுக்கில் ஒழுகிச் சக்கரத்தில் புகுந்தது. மணலைவிடப் பெரிசாக, கூழாங்கல்லைவிடச் சிறிசாக ஏதாவது வேண்டும். எனக்கு உடனே ஞாபகம் வந்தது, வீட்டில் என் கொட்டாங்கச்சி.

அதைச் சொன்னால்தான் உனக்குப் புரியும். சுரங்கத்திலிருந்து மேலே வருகிறவர்களைக் கேட்டில் சோதனை போடுவார்கள். காவல்காரன் குடுமியை அவிழ்த்து உதறச் சொல்வான், வாயைத் திறக்கச் சொல்வான், நாக்கைத் தூக்கச் சொல்வான். துணியில் அப்பின சேற்றை எவன் பார்க்கிறான்? அந்தத் துணியை நான் தொட்டியில் ஊறவைத்தால் அடியில் பயறு பயறாகக் கல் தங்கும். கறுப்பில் வெள்ளைக் கோடு ஓடும், வெயிலில் மினுக்கும். அழகாக இருக்கிறதே என்று கொட்டாங்கச்சியில் சேர்த்து வைத்திருந்தேன். தங்கம் என்றால் தாலியில் இருக்கிற மாதிரி மஞ்சளாக இருக்கும் என்று நினைத்தவள் நான். கல்லுக்குள் தங்கம் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? சுரங்கத்துக் கல் ஒன்றைக் கேட்டுக்கு வெளியே வைத்திருந்தாலே திருட்டு என்பது எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் இது அந்தக் கல் என்றே எனக்குத் தோன்றவில்லை. அழுக்கு என்று நினைத்தேன். நம் துணி அழுக்கு நமக்குச் சொந்தம்தானே?

சனிக்கிழமை அவர் ஷிப்டில் இருந்தார். நான் கொட்டாங்கச்சியைக் கொண்டுபோய்த் துரையிடம் நீட்டினேன். துரை டீ ஸ்பூனை எடுத்து, ஒவ்வொரு வண்டிக்கும் மூன்று ஸ்பூன் அவர் கையாலேயே அள்ளிப் போட்டார். சாவி கொடுத்தார். பன்னிரண்டு வண்டியும் வளைவில் ஆடாமல் அசையாமல் போயின, கல்யாணப் பெண் மாதிரி. துரை கைதட்டினார். நானும் தட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை துரைகள் வந்தார்கள். அதில் ஒருவர் காவல் துரை, கேட்டுச் சோதனைக்காரர்களுக்கெல்லாம் மேலே இருந்தவர். எல்லாரும் எஞ்சினைப் பார்த்தார்கள், அவர் மட்டும் லோடைப் பார்த்தார். ஒரு கல்லை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். இங்கிலீஷில் என்னவோ கேட்டார். எங்கள் துரை முதலில் சிரித்தார், அப்புறம் நிறுத்திக்கொண்டார். பக்கத்தில் நின்ற பட்லரிடம் தமிழில் கேட்கச் சொன்னார்கள்.

"யாருய்யா இந்தக் கல்ல போட்டது?"

எங்கள் வீட்டுக்காரர் எண்ணெய்க் குப்பியோடு கதவண்டை நின்றிருந்தார். அந்தக் கல்லை அப்போதுதான் பார்க்கிறார். பார்த்ததுமே எந்தத் தொட்டியிலிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ரோஜாப் பாத்தியில் நின்ற என்னை ஒரு தடவை பார்த்தார், வயிற்றையும் பார்த்தார்.

"நான்தாங்க போட்டேன்."

எங்கள் துரை உண்மையைச் சொல்வார் என்று நான் அவர் வாயையே பார்த்தேன். ஸ்பூன் பிடித்த கை அது. அவர் எஞ்சினைக் கையில் எடுத்துச் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே முறுக்கேறி நின்றிருந்தது, அதற்கு மேல் திரும்பாது. திருகிக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கே இவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் சுரங்க ஆபீசுக்குப் போனேன். அங்கே காகிதம் எழுதுகிற ரைட்டர் நம் பக்கத்து ஆள், குடியாத்தம் பக்கம்.

"ரைட்டரய்யா, ஒரு சேதி எழுதிக்கோங்க."

"மொதல்ல புருஷன் பேரச் சொல்லு."

நான் அவர் பெயரை வாயால் சொன்னவள் இல்லை. அந்தக் காலத்தில் யாரும் சொல்ல மாட்டோம், சொன்னால் அவர்களுக்கு ஆயுசு குறையும் என்று பயம். ஒரு கையை முழுக்க விரித்து, மறு கையில் இரண்டு விரலை நீட்டினேன். அப்புறம் தலைக்கு மேல் கையைக் கூம்பாகக் குவித்துக் காட்டினேன்.

"ஏழு கூடையா?" என்றார் ஒரு பியூன்.

"இல்லப்பா, ஏழு குடிச" என்றார் இன்னொருவர்.

ரைட்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ஏழுமலைன்னு சொல்லிட்டுப் போயேம்மா."

"ஆமாங்க, அவருதான். கல்லு போட்டது அவரு இல்லீங்க, நான். துணி தொவச்ச அழுக்குலேர்ந்து எடுத்தது. துரை ஸ்பூனால அள்ளிப் போட்டாரு."

ஸ்பூன் என்றதும் பியூன்கள் இரண்டு பேரும் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார்கள். ரைட்டர் என்னை உற்றுப் பார்த்தார்.

"நீ எங்கம்மாவ ஆட்டுக்குட்டியோட ஸ்டேஷன்ல நிக்க வெச்சவ தானே? போம்மா. அவரே ஒத்துகினாரு, நீ வேற வந்து கத சொல்லிகினு."

"சாமி சத்தியமா நெசங்க."

"அன்னிக்கும் இத்தத்தான் சொன்னியாம்."

துரையிடம் மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் "பேசறேன்" என்றார். தமிழில் அவருக்கு நன்றாக வந்த வார்த்தை அது ஒன்றுதான். மூன்றாவது தடவை துரைசானி ஒரு கம்பளியை என் கையில் கொடுத்துக் கேட்டைச் சாத்தச் சொன்னாள்.

எங்கள் வீட்டுக்காரருக்கு ஆறு மாதம் தண்டனை போட்டுப் பெங்களூர் ஜெயிலுக்கு ரயில் ஏற்றினார்கள். அந்த ரயிலைப் பார்க்க நான் போகவில்லை. போனால் அழுவேன், என்னை அழவைத்துப் பார்த்தவர்கள் ஊரில் யாரும் இல்லை.

பக்கத்து வீட்டு மரியம்மா குழாயடியில் கேட்டாள். "இன்னாடி, உங்க வூட்டுக்காரர காணோம்?"

"ஊட்டிக்குப் போயிருக்காருக்கா. அங்க ஒரு துரை, இதே மாதிரி கேபின் வேணும்னு இட்டுகினு போய்ட்டாரு."

மரியம்மாவின் புருஷனுக்கும் அவருக்கும் ஒரே ஷிப்டு, ஒரே கேஜ்க் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்கள். அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. குடத்தை நிமிர்த்தி வைத்துவிட்டு, "குளிரு ஜாஸ்தியாச்சேடி அங்க, கம்பளி எடுத்துகினு போனாரா?" என்றாள். எடுத்துக்கொண்டு போனார் என்றேன். அன்றிலிருந்து அவள் விடவில்லை, மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். தூண் நிறுத்தியாச்சா? நிறுத்தியாச்சு, மரம்தான் கொஞ்சம் ஈரம். செவுரு ஏறிடுச்சா? மழை விடலைக்கா. எனக்குப் பெண் பிறந்தபோது மரியம்மாதான் பக்கத்தில் இருந்தாள். தொப்புள்கொடி அறுத்த கையோடு, "ஜன்னல் வெச்சதும் ஒரு எட்டு வந்து கொழந்தைய பார்த்துட்டுப் போவச் சொல்லுடி" என்றாள். ஜன்னல் வைக்க ஒரு வாரம் ஆகும் என்றேன்.

ஐந்தாவது மாதம் ரைட்டர் எங்கள் லைனுக்கு வந்தார். மத்தியான வெயில். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"பெங்களூர்லேர்ந்து காகிதம் வந்திருக்கும்மா. ஜெயில்ல பிளேக்காம். ஏழுமலை போய்ட்டாரு. அங்கேயே பொதச்சிட்டாங்க."

நான் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டேன். "வெளாடாதீங்க ரைட்டரய்யா. அம்மாவ நிக்க வெச்சதுக்கு பதிலுக்கு பதில் பண்றீங்க. சரி, நீங்க ஜெயிச்சிட்டீங்க. இப்ப நெசத்தச் சொல்லுங்க."

அவர் சிரிக்கவே இல்லை. தலைப்பாகையைக் கட்டாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு போனார்.

அந்தத் துரை அடுத்த வருஷம் கப்பலேறிவிட்டார். கேபினில் கொஞ்ச நாள் விறகு அடுக்கினார்கள், அப்புறம் பிரிக்கப் பார்த்தார்கள். ஆப்பு அசையவில்லை, ரம்பம் போட்டு அறுத்தார்களாம். ரோஜாப் பாத்தி போய்விட்டது. நாங்கள் இருந்த லைனை இடித்துவிட்டார்கள், அந்தக் குழாயடியில் இன்றைக்கு முள்தான் இருக்கிறது. ரைட்டர் இல்லை. மரியம்மா போய்ப் பதினைந்து வருஷமாகிறது. புருஷன் பெயரை விரலால் சொல்கிற பெண்பிள்ளைகளும் இப்போது இல்லை, வாய் நிறையச் சொல்கிறார்கள். சொல்லட்டும், நல்லதுதான்.

ரைட்டர் காகிதச் சேதி சொன்னாரே, அன்று சாயங்காலம் நான் பொட்டை அழிக்கவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு எப்போதும் போல் குழாயடிக்குப் போனேன். எல்லாரும் இருந்தார்கள். சேதி அவர்களுக்கு எட்டியிருந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மரியம்மா என் குடத்தை வாங்கிக் குழாய்க்கு அடியில் வைத்தாள்.

"இன்னாடி, கூர போட்டாச்சா?"

"போட்டாச்சுக்கா. ஒரு சொட்டு ஒழுகலையாம். அந்தத் துரைக்கு ரொம்பப் புடிச்சுப் போயி, பக்கத்துலயே இன்னொன்னு கட்டச் சொல்லிட்டாராம். இது கொஞ்சம் பெருசு. வர நாளாவும்."