லூசாகவே இருக்க வேண்டிய ஸ்குரூ

கோயமுத்தூர் ஆண்களுக்கு லூசான ஸ்குரூவைக் கண்டால் கை சும்மா இருக்காது. பாதிப் பேர் பம்ப்செட் கம்பெனியில் இருப்பார்கள், மீதிப் பேர் லேத் பட்டறை வைத்திருப்பவர்கள், அல்லது வைத்திருப்பவரின் மச்சான். சட்டைப் பையில் பேனா இல்லாமல் கிளம்புவார்கள், டெஸ்டர் இல்லாமல் கிளம்ப மாட்டார்கள். கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருந்த ஒருவர், சும்மா இருக்க முடியாமல் சாப்பாட்டு மேஜையின் போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆடுகிற மேஜைக்கும் ஒழுகுகிற மோட்டாருக்கும் இது நல்ல குணம்தான். வால்வு ரேடியோவுக்கு இதுதான் எமன்.

ஏனென்றால் வால்வு ரேடியோவுக்குள் இருக்கும் சில ஸ்குரூக்கள் எதையும் இறுக்கிப் பிடிப்பதற்காக வைத்தவை அல்ல. ஸ்டேஷன் தெளிவாக விழும் இடத்தில், பாதி திருகிய நிலையிலேயே கம்பெனிக்காரன் அவற்றை விட்டிருப்பான். தொட்டால் சுற்றும். நம்ம ஆள் அதைப் பார்த்து, 'அட, கழண்டு கெடக்குது' என்று இறுக முடுக்குவார். அதோடு ரேடியோ ஊமையாகிவிடும். பிறகு அதை அட்டாலிப் பரணில் ஏற்றிவிட்டு, 'அந்தக் காலத்துச் சாமான், ஆயுசு முடிஞ்சுபோச்சு' என்பார்.

தொண்ணூறுகளில் நான் சிங்காநல்லூரில் வீட்டு முன்னறையில் இந்த ரேடியோக்களைச் சரிசெய்து கொண்டிருந்தேன். பகலில் பீளமேட்டில் ஒரு கல்லூரியின் எலெக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்தில் வேலை. சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் ரேடியோ. வருகிறவர்கள் வாசலில் நின்று முதலில் கேட்பது, "சார் இல்லீங்களா?" என்றுதான். சாருக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, ஃபியூஸ் போடக்கூடத் தெரியாது, மில்லில் ஷிப்ட் முடித்து வந்து உள்ளே தூங்குகிறார் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். நான் சாலிடர் வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே, சார் எழுந்து வரட்டும் என்று உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு.

அப்போது புதிதாக ஒரு கூட்டம் வர ஆரம்பித்திருந்தது. வீட்டில் கேபிள் டிவி ஓடும், ஆனால் ஹாலில் ஒரு பழைய ரேடியோ இருந்தால்தான் கௌரவம். "பாடாட்டிப் பரவால்லீங்க, லைட்டு மட்டும் எரியோணும்" என்பார்கள். ஒருத்தர் வருடம் தவறாமல் ஆயுத பூஜைக்கு வால்வுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைத்து, அது காய்ந்து உதிர்ந்து உள்ளேயெல்லாம் அப்பிக் கிடந்தது. ரேடியோ கரகரக்கிறது என்று என்னிடம் கோபித்துக்கொண்டார். பக்தியைத் துடைத்தெடுக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

இப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் பவானியிலிருந்து அந்த அக்கா வந்தார். ஐம்பது வயது இருக்கும். ரேடியோவை ஜமுக்காளத்தில் சுற்றி, பஸ்ஸில் வழி நெடுக மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். சார் எங்கே என்று கேட்காத முதல் ஆள் அவர்தான். அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

"ஏனுங் அம்மணி, இதைப் பாட வெச்சுப்போடலாமுங்களா?"

அது அவருடைய அப்பா வாங்கிய செட். அப்பா போன பிறகு, சொத்தில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று பத்திரத்தில் கையெழுத்துப் போட அக்காவை வரவழைத்திருக்கிறார்கள். கல்யாணத்தின்போதே சீர் செய்தாகிவிட்டது, அதனால் பெண்ணுக்கு நிலத்தில் ஒன்றும் கிடையாது என்பது அந்த வீட்டுச் சட்டம். சர்க்காரின் சட்டம் வேறு மாதிரி இருந்தால் அது சர்க்காரின் பாடு. அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு, அட்டாலியில் கிடக்கும் ரேடியோவை மட்டும் கேட்டிருக்கிறார். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் தம்பி சிரித்திருக்கிறார்.

"எடுத்துக்கக்கா. நீ கெடுத்த சாமான்தானே!"

அக்கா கெடுத்தது என்பது அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயத்தில் ரேடியோ நின்றுபோனது. எந்நேரமும் அதன் முன்னால் உட்கார்ந்து திருகிக்கொண்டிருந்த பெண்தான் கெடுத்தாள் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். "தாலி கட்டற அன்னைக்குக்கூட எங்கய்யன் எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசலீங்க" என்றார் அக்கா. அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும், யாராவது ஒருவர் அந்த ரேடியோவை இழுத்துச் சிரிக்காமல் விட்டதில்லையாம்.

நான் பின்பலகையைக் கழற்றிப் பார்த்தேன். திறந்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. முடுக்கக் கூடாத ஸ்குரூக்கள் அத்தனையும் அடிவரை முடுக்கியிருந்தன. பம்ப்செட்டின் போல்ட்டை முடுக்குகிற வேகத்தில் யாரோ முடுக்கியிருக்கிறார்கள், ஒன்றின் தலையே சிதைந்திருந்தது. வெளியே இருக்கும் குமிழைத் திருகிப் பாட்டுக் கேட்டவருக்கு இந்த இடம் இருப்பதே தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இதை அக்காவிடம் காட்டி, இவை லூசாகவே இருக்க வேண்டியவை, முடுக்கினால் சத்தம் போய்விடும் என்று சொன்னேன்.

அவர் அந்தச் சிதைந்த தலையை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "என்ற தம்பி அப்பத்தானுங்க பாலிடெக்னிக்ல சேந்திருந்தான். புதுசா டெஸ்டர் வாங்கிட்டு, ஊட்ல ஒரு சாமான் விடாம முடுக்கிட்டுத் திரிஞ்சான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் கண் நிறைந்துவிட்டது. எனக்கு அந்தத் தம்பி மேல் வந்த கோபத்தில் கையிலிருந்த திருப்புளியை மேஜையில் சற்றுப் பலமாகவே வைத்துவிட்டேன்.

உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் அலைந்து ஒரு வால்வு பிடித்தேன். ஊதிப்போன கண்டென்சர்களை மாற்றினேன். ஸ்குரூக்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, ஸ்டேஷன் முழுசாக விழும் இடத்தில் நிறுத்தி, இடம் மாறினால் தெரியட்டும் என்று நகப்பாலிஷால் ஒரு சிவப்புக் கோடு போட்டேன். என் கல்யாணத்துக்கு வாங்கிய நகப்பாலிஷ் கடைசியில் இதற்குத்தான் பயன்பட்டது. பாடுகிறது என்று பவானிக்குச் சொல்லி அனுப்பினேன். அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்த் தம்பி பெண்டாட்டிக்குப் போன் போட்டு, "பாடுதாமா!" என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை எங்கே போய் எடுக்கப்போகிறார் என்பதையும் சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு அக்கா வந்து ரேடியோ முன்னால் உட்கார்ந்து சற்று நேரம்கூட ஆகியிருக்காது, வாசலில் கார் வந்து நின்றது. வெள்ளைச் சட்டை, பையில் டெஸ்டர். இந்த வயதிலும் அது இருந்தது. உள்ளே வந்த தம்பி என்னைப் பார்த்து, "சார் இல்லீங்களா?" என்றார்.

"தூங்கறாருங்க."

சரி, என்னிடமே சொல்லித் தொலைப்போம் என்று முடிவு செய்தவர்போல உட்கார்ந்தார். புது வீடு கட்டியிருக்கிறார், பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. ஹாலில் இந்த ரேடியோவுக்கென்றே தேக்கில் ஷோகேஸ் அடித்தாகிவிட்டது. வருகிறவர்கள் முன்னால் அது பாட வேண்டும். "எங்கய்யன் ஞாபகமுங்க. ஆம்பளப் பையன் ஊட்லதானுங்க இருக்கோணும்" என்றார். அட்டாலியில் கிடந்தவரை அய்யனின் ஞாபகம் அவருக்கு வந்ததாகத் தெரியவில்லை.

"நீங்க குடுத்துட்டீங்களாமே, இது அக்காவுதுங்க" என்றேன்.

"அது ஓட்ட ரேடியோங்க. இது பாடற ரேடியோ" என்றார். காரும் கைப்பலமும் அவரிடம் இருந்தன. அக்கா கையெழுத்துப் போட்டே பழகியவர். போய்விட்டது ரேடியோ என்றுதான் நினைத்தேன்.

அக்கா அமைதியாகச் சொன்னார், "எடுத்துட்டுப் போ சாமி. ஆனா உள்ளார ஏதோ ஸ்குரூ லூசாக் கெடக்குது. காருல ஆடிக் கழண்டு உழுந்துறப் போகுது, ஒருக்காப் பாத்துக்க."

நான் பதறி வாயைத் திறந்தேன். மேஜைக்கடியில் அக்கா என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். வாயை மூடிக்கொண்டேன்.

தம்பி செட்டைத் திருப்பினார். பின்பலகை மாட்டவில்லை. பார்த்தவுடனே முகம் மலர்ந்தது, "அட, அத்தனையும் லூசு!" டெஸ்டரை எடுத்தார். உள்ளூர் நிலையத்தில் தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டைப் பற்றி ஒரு வேளாண் அதிகாரி பேசிக்கொண்டிருந்தார். முதல் ஸ்குரூவை முடுக்கியதும் அவர் குரல் அடுத்த அறைக்குப் போனது. இரண்டாவதுக்குத் தோட்டத்துக்குப் போனது. "பாத்தீங்களா, லூஸ் கனெக்சன், அதான் சத்தம் கொறயுது" என்று சொல்லிக்கொண்டே தம்பி இன்னும் இறுக்கினார். நான் பக்கத்தில் நின்று, எந்த ஸ்குரூ எத்தனை சுற்று என்று மனதில் பதிய வைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் வண்டும் போய், தென்னையும் போய், வெறும் ம்ம்ம் என்ற இரைச்சல்தான் மிஞ்சியது.

தட்டிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார். பிறகு என்னை முறைத்தார். "பொம்பளைங்க கையில ரிப்பேருக்குக் குடுத்தா இப்புடித்தான். பால் காய்ச்சற அன்னைக்கு இது நின்னுபோச்சுன்னா நாலு பேரு சிரிப்பாங்க. கெரகம், நீயே வெச்சுக்கக்கா" என்று எழுந்தார். டெஸ்டரைத் துடைத்துப் பையில் செருகிக்கொண்டார். புழுதி கிளம்ப, ரயில்வே கேட்டுப் பக்கம் கார் போயிற்று.

தம்பி கண் முன்னாலேயே அது நின்றது, அப்போதாவது உண்மையைப் போட்டு உடைத்திருக்கலாமே என்று அக்காவிடம் கேட்டேன்.

"சொன்னா மட்டும் ஒத்துக்குவானுங்களா? நான் பக்கத்துல உக்காந்ததுலதான் கெட்டுப்போச்சும்பான். எனக்குத் தெரிஞ்சுபோச்சு, போதுமுங்க. எங்கய்யனுக்குத்தான் தெரியாமப் போச்சு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் பிளாஸ்டிக் திருப்புளியை எடுத்து, முடுக்கிய ஒவ்வொன்றையும் சுற்றுச் சுற்றாகத் தளர்த்தி, சிவப்புக் கோட்டோடு கோடு சேர்த்தேன். கடைசிக் கோடு சேர்ந்ததும் வேளாண் அதிகாரி தோட்டத்திலிருந்து நேராக முன்னறைக்கே வந்து, வண்டை எப்படிக் குத்தி எடுக்க வேண்டும் என்று தெரு முழுக்கக் கேட்கும்படி முழங்கினார். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த சாரே எழுந்துவிட்டார்.

அக்கா பாய்ந்து குமிழைப் பிடித்துச் சத்தத்தைக் குறைத்தார்.

"மெதுவா வைங்க அம்மணி. அவன் காரு இன்னும் ரயில்வே கேட்டத் தாண்டியிருக்காது."