சேனாதிபதி பொருள் சொல்லாத கதை

கொடைக்கானல் மலையில் கிளாவரைக்கும் மேலே, மேகம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிற எங்கள் ஊரில், சேனாதிபதியைப் 'பொருளையா' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பூண்டும் உருளைக்கிழங்கும் போட்டுப் பிழைத்தவர். எழுத்து தெரியாது. வெள்ளிக்கிழமை தோறும் வேலப்பர் கோயிலில் புராணம் நடக்கும். நான் ஒரு வரி வாசிப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஊர்ப் பேச்சிலேயே அதற்குப் பொருள் சொல்வார். மயில் என்றால் மனசு என்பார். வேல் என்றால் அறிவு என்பார். அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. பேசி முடித்ததும் வெட்கப்பட்டவர் போலத் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் என்று நினைக்கிறேன், தை மாதம். பூண்டுக் கொட்டகையில் கணப்பு மூட்டி, பூண்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தோம். கொடைக்கானலுக்குக் குதிரையில் மூட்டை கொண்டுபோன வேலப்பன் ஒரு வாரப் பத்திரிகையோடு திரும்பியிருந்தான். அட்டையில் முருகன் படம். முருகன் படம் போட்ட புத்தகத்தில் வீண் பேச்சா இருக்கும்? விளக்கு ஏற்றி வைத்து, புராணம் போலவே அதிலிருந்த கதையை வாசிக்கச் சொன்னார்கள்.

ஒரு ஊர். வருஷத்தில் ஒரு நாள் எல்லா வீட்டிலும் அடுப்பை அணைத்துவிட்டு, கோயிலிலிருந்து புது நெருப்பு எடுத்துப் போகிறார்கள். ஒருத்தி மட்டும் அணைக்கவில்லை. ஊரே அவள் கூரைப் புகையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கதை அதோடு சரி.

எங்கள் ஊரிலும் தைப்பூசத்துக்கு அதே முறைதான். போன பூசத்தில் வேலுத்தாய் வீட்டுக் கூரையிலும் புகை வந்தது. இந்த மார்கழியில் உறைபனி விழுந்து ஊர்க் கிழங்கெல்லாம் கருகியது. இந்தப் பூசத்துக்கும் அவள் அணைக்காவிட்டால் அவளை ஊரை விட்டு ஒதுக்கி வைப்பதென்று ஊர்த்தலைவரான பெரியதனம் பொன்னுவேல் சொல்லியிருந்தார். அந்த வேலுத்தாய் கொட்டகை மூலையில்தான் இருந்தாள்.

"அம்புட்டுத்தானா?" என்றாள் கருப்பம்மாள். "கடைசித் தாள எங்கடா தொலச்ச வேலப்பா? குதிர தின்னுருச்சா?"

"'முற்றும்'னு போட்டிருக்குல்லத்தே! எழுதுனவருக்கு ஏதோ சோலி. எந்திரிச்சுப் போயிட்டாரு" என்றான் வேலப்பன்.

எல்லோரும் சிரித்தார்கள். பொன்னுவேல் சிரிக்கவில்லை. "நீங்க சொல்லுங்க பொருளையா. அந்த நெருப்புக்கு என்ன அர்த்தம்?"

"இதுல என்னங்க அர்த்தம்? ஆங்காரம்!" என்று கருப்பம்மாள் முந்திக்கொண்டாள். "ஒருத்தி அடுப்பு அணையாட்டி ஊருக் கெழங்கு கருகத்தான் செய்யும்."

"ஆசையா இருக்கும்த்தே. ஆசைய அணைக்க முடியாதுல்ல" என்றான் வேலப்பன்.

வேலுத்தாயைப் பார்க்கக் கூடாதே என்று எல்லோரும் பூண்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். சேனாதிபதி கண்ணை மூடினார். வாசல் வழியே மஞ்சு மூட்டம் உள்ளே வந்து, விளக்கைச் சுற்றி வெள்ளையாக நின்றது.

"நெருப்புன்னா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். அவர் பாதியில் நிறுத்தி நான் பார்த்ததேயில்லை. கண்ணைத் திறந்தார்.

"தெரியலப்பா. ஏன் அணைக்கலன்னு கதையில யாருமே அவளக் கேக்கலையே. கேக்காம நான் எப்படிப் பொருள் சொல்ல?" மூலைப் பக்கம் திரும்பினார். "ஏத்தா வேலுத்தாயி, நீ ஏன் அணைக்கல?"

அவள் கை நிற்கவில்லை; பூண்டை எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டே சொன்னாள். "பாப்பாவுக்குக் காய்ச்சல் கண்டப்ப அந்த அடுப்போரத்துலதானே மாமா போட்டிருந்தேன். அந்தச் சூட்டுலதான் கண்ண மூடுனா. அத அவிச்சா... புள்ள குளுந்து போயிருவா."



"அடிப் பாவி மகளே" என்றாள் கருப்பம்மாள். பூண்டுக் கூடையைத் தள்ளிவிட்டு அவள் பக்கம் நகர்ந்தாள். "வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? சொல்லியிருக்கக் கூடாதா?"

"யாரு கேட்டா அத்தே?"

பொன்னுவேல் தாடையைத் தடவினார். "வருத்தந்தான். ஆனா முறைன்னு ஒண்ணு கெடக்கே. ஒரு அடுப்பு மட்டும் தனியா எரிஞ்சா அது ஊரா?"

"தனியா எரிய வேணாங்க" என்றார் சேனாதிபதி. "அவ அடுப்புக் கங்கும் முன்ன ஒரு பூசத்துல நம்ம கோயில்ல எடுத்ததுதானே. அவ அணைக்க வேணாம். கோயிலுக்குக் கொண்டாரட்டும். வேலப்பரு வச்சுக்குவாரு. அதுலருந்தே எல்லாரும் எடுப்போம்."

பொன்னுவேல் வேலுத்தாயைப் பார்த்தார். அவள் கையிலிருந்த பூண்டைக் கீழே வைத்தாள். பிறகு தலையை மட்டும் ஆட்டினாள்.

"அப்பச் சரி. வெள்ளனே கொண்டு வந்துரு தாயி" என்றார் அவர்.

பூசத்தன்று விடியலில் ஊரில் எந்தக் கூரையிலும் புகை இல்லை. புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து வேலுத்தாய் மண்சட்டியை ஏந்தி, ஊதி ஊதி வந்தாள். பூசாரி அந்தத் தணலைச் சன்னிதி முன்னால் கொட்டிச் சுள்ளி வைத்தார். பற்றிக்கொண்டதும் "அரோகரா" என்று சேனாதிபதிதான் முதலில் சொன்னார்.

"நீ முதல்ல எடு ஆத்தா" என்றார் அவளிடம்.

"எல்லாரும் எடுக்கட்டும் மாமா."

ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு மஞ்சுக்குள் இறங்கினார்கள். ஆள் தெரியவில்லை, சிவப்புப் பொட்டுகள் மட்டும் சரிவில் மிதந்துபோயின. கருப்பம்மாள் தன் சட்டியை முந்தானையால் போர்த்தி, மாரோடு அணைத்துக்கொண்டு நடந்தாள்.

"பாதை வழுக்கும், மெதுவாப் போங்கத்தே" என்றாள் வேலுத்தாய்.